ஆறாவது வார ஊசிக்குள் என்ன இருக்கிறது?

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும் கிளினிக்கில் ஒரே நாளில் இரண்டு ஊசியும் இரண்டு சொட்டு மருந்தும் கொடுத்துவிடுவார்கள். ஒரு தொடையில் ஆறு நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசி. மறு தொடையில் நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி. வாயில் போலியோ சொட்டும், கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டும். இரவில் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் எவ்வளவு என்று சிஸ்டர் சொல்லி அனுப்புவார். அதுவரை எல்லாம் சரி. வீட்டுக்கு வந்த பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் குழந்தையை இன்னும் தூக்கிக்கூடப் பார்க்காத ஒரு சித்தப்பா, அந்த ஊசியின் விவரத்தாளை எங்கிருந்தோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்.

தாளைப் படித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். தென்னாப்பிரிக்க அரசுத் திட்டத்தில் 2015 முதல் போடப்பட்டு வரும் ஆறுநோய் ஊசியான ஹெக்ஸாக்சிமின் தாளில் அலுமினியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. ஃபார்மால்டிஹைடும் குளுட்டரால்டிஹைடும் நியோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், பாலிமிக்ஸின் பி ஆகியவையும் இம்மியளவு இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. ஃபார்மால்டிஹைடா, பிணத்தைப் பதப்படுத்தும் மருந்தைப் பிஞ்சுக் குழந்தைக்குப் போடுகிறார்களா என்று ஆயா கேட்டால் அதில் தவறில்லை. அதற்கு ஒழுங்கான பதில் வேண்டும். "படித்தவர்கள் சொன்னால் கேளுங்கள்" என்பது பதிலே அல்ல.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுப்பூசியில் கவலைப்பட வேண்டிய விஷயங்கள் உண்டு. ஆனால் அவை இந்த வேதிப் பெயர்களில் இல்லை. இந்த நாட்டில் குழந்தைகளுக்கு மெய்யாகவே பெரிய தீங்கு செய்த ஊசியின் பட்டியல் மிகச் சின்னது. அதில் அலுமினியம் இல்லை, பாதரசம் இல்லை, ஃபார்மால்டிஹைடும் இல்லை. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அலுமினியம். 1926-இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி என்பவர் தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்தோடு படிகாரத்தைச் சேர்த்தபோது உடலின் எதிர்ப்பு பல மடங்கு கூடுவதைக் கண்டார். அன்றிலிருந்து அலுமினிய உப்பு தடுப்பூசிகளில் இருக்கிறது. கிருமியின் துண்டை மட்டும் ஊசியில் ஏற்றினால் உடல் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அலுமினிய உப்பில் ஒட்டவைத்து ஏற்றினால் மருந்து அந்த இடத்திலேயே தங்கி, லேசாக அழற்சி உண்டாக்கி, எதிர்ப்பு அணுக்களை அங்கே வரவழைக்கும். தொடை சிவந்து வீங்கிக் குழந்தை அழுவதற்கு இதுவும் ஒரு காரணம். சில குழந்தைகளுக்குக் கடலை அளவு கட்டி சில வாரம் நிற்கும். அபூர்வமாக அது மாதக்கணக்கில் அரிக்கும். இவையெல்லாம் அலுமினியத்தின் பக்கவிளைவுகள்தான், யாரும் மறுப்பதில்லை.

கேள்வி மூளையைப் பற்றியது. அந்தப் பயத்துக்கு ஒரு பின்புலம் உண்டு. 1970-களில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்கு, அந்தத் தண்ணீரிலிருந்த அலுமினியம் ரத்தத்தில் சேர்ந்து மூளையைப் பாதித்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு நரம்பு வழியாக ஏற்றிய சத்துத் திரவத்தில் அலுமினியம் இருந்ததால் அவர்களின் வளர்ச்சி பின்தங்கியதாக 1997-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆக, அலுமினியம் நரம்புக்கு ஆகாது என்பது கட்டுக்கதை அல்ல. எவ்வளவு, எந்த வழியில், வெளியேற்றும் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பதுதான் விஷயம்.

ஆறுநோய் ஊசி ஒன்றில் 0.6 மில்லிகிராம் அலுமினியம் இருக்கிறது. ஒன்றரை வயதுக்குள் போடும் நான்குக்கும் சேர்த்து 2.4 மில்லிகிராம். இந்த இடத்தில் மருத்துவர்கள் வழக்கமாக ஓர் ஒப்பீடு சொல்வார்கள்: முதல் ஆறு மாதத்தில் குழந்தை தாய்ப்பாலிலிருந்தே ஏறக்குறைய 7 மில்லிகிராம் அலுமினியம் குடிக்கிறது, புட்டிப்பால் என்றால் 38 என்று. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பாதிதான் சொல்கிறது. வாய் வழியாகப் போவதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. ஊசியில் போவது மெதுவாகவென்றாலும் கடைசியில் உடலுக்குள் வந்துதான் ஆகும். இதைக் கண்டுபிடித்துவிடும் ஒரு தாய் அதற்குப் பிறகு மருத்துவர் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். பாலை இழுக்காமலே பதில் சொல்லலாம்: தசையிலிருந்து அது கரைய வாரங்களும் மாதங்களும் ஆகின்றன, கரைவதை நலமான சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டே வருகிறது. டயாலிசிஸ்காரர்களுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் நடந்ததுபோல நாள்தோறும் ரத்தத்தில் நேராக ஏறுவது வேறு கதை.

அப்புறம், எண்ணிப் பார்த்த கணக்கும் இருக்கிறது. டென்மார்க்கில் 1997 முதல் 2018 வரை பிறந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து 2025-இல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டு வயதுக்குள் தடுப்பூசி வழியாகக் கூடுதல் அலுமினியம் பெற்றவர்களுக்கு ஆஸ்துமா, ஒவ்வாமை, தன்னெதிர்ப்பு நோய்கள், ஆட்டிசம் உட்பட 50 கோளாறுகளில் எதுவும் அதிகரித்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அதிகரிக்கவில்லை. அங்கே கிட்டத்தட்ட எல்லோரும் ஊசி போட்டவர்கள்தான் என்பதால், இது பெரும்பாலும் குறைவாகப் பெற்றவர்களையும் கூடுதலாகப் பெற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு. அந்த வரம்பையும் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

ஃபார்மால்டிஹைடை இவ்வளவு நேரம் பேசத் தேவையில்லை. கிருமியைச் செயலிழக்கச் செய்யத் தொழிற்சாலையில் அதைப் பயன்படுத்துகிறார்கள், பிறகு நீக்குகிறார்கள், துளி மிஞ்சுகிறது. நம் உடலே உயிரணு வேலைகளுக்காக ஃபார்மால்டிஹைடைத் தயாரிக்கிறது. கைக்குழந்தையின் ரத்தத்தில் எந்த நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும் அளவு ஊசியில் மிஞ்சுவதைவிடப் பல மடங்கு. ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் இப்படித் தயாரிப்பில் மிஞ்சியவையே. குழந்தைக்கு நியோமைசின் போன்றவற்றால் முன்பு கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் அது பெரிய விஷயம். அப்படியிருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பாதரசக் கதைக்கு வந்தால், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கே வந்து குடியேறிய குடும்பங்களில் ஒரு குழப்பம் அடிக்கடி எழும். மூத்த பிள்ளைக்குச் சென்னையில் போட்டபோது இரண்டு நாள் கொதித்தது, இளையவனுக்கு டர்பனில் போட்டபோது ஒன்றுமே இல்லை, இங்கே போடுவது வெறும் தண்ணீரா என்று ஊரிலிருந்து பாட்டி ஃபோனில் கேட்பார். இரண்டும் வேறு வேறு தயாரிப்பு. இந்திய அரசு மருத்துவமனைகளில் போடும் ஐந்துநோய் ஊசியில் கக்குவான் இருமல் கிருமி கொல்லப்பட்டு முழுசாக இருக்கும். காய்ச்சலும் வீக்கமும் அதிகம். பல பேருக்கு ஒரே குப்பியிலிருந்து எடுப்பதால், வேறு கிருமி புகாமலிருக்க தையோமெர்சால் என்ற பாதரசச் சேர்மமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஆறுநோய் ஊசியில் கக்குவான் கிருமியின் சுத்திகரித்த பகுதிகள் மட்டுமே. ஆளுக்கொரு குப்பி என்பதால் தையோமெர்சாலும் இல்லை. தட்டம்மை ஊசியிலும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியிலும் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, ஏனென்றால் போட்டால் மருந்திலுள்ள உயிருள்ள கிருமியே செத்துவிடும்.

அப்படியானால் சென்னை ஊசி ஆபத்தா? இல்லை. தையோமெர்சாலிலிருந்து பிரிவது எத்தில் பாதரசம். சில நாளிலேயே ரத்தத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும். பெரிய கடல்மீன்களில் இருக்கும் மெத்தில் பாதரசம் அப்படியல்ல, பாதியாகவே ஒன்றரை மாதம் எடுக்கும். அமெரிக்கா 1999-இல் முன்னெச்சரிக்கையாகக் குழந்தைகளின் ஊசிகளிலிருந்து தையோமெர்சாலை நீக்கத் தொடங்கியது. அதன் பிறகும் அங்கே ஆட்டிசம் கண்டறிதல் ஏறிக்கொண்டேதான் போனது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010-இல் அதை வெளியிட்ட இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவர் மருத்துவர் பதிவையும் இழந்தார். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இப்போது அந்தச் சின்னப் பட்டியல். பிறந்த உடனே வலது தோளில், தோலின் மேலடுக்கில், 0.05 மில்லி அளவில் போடும் பிசிஜி. உயிருள்ள, வலுவிழந்த காசநோய் வகைக் கிருமி, கொஞ்சம் உப்புகள், அவ்வளவுதான். மூன்று முதல் ஆறு வாரத்தில் போட்ட இடம் சிவந்து சின்ன மொட்டாகும். சீழ் வைக்கும், உடையும், பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி கசியும். இரண்டு மூன்று மாதம் இப்படியே போய், பட்டாணி அளவு தழும்பில் முடியும். அதுதான் எதிர்பார்க்கிற போக்கு. மஞ்சள் பத்துப் போடுவது, பிதுக்குவது, பிளாஸ்டர் ஒட்டுவது எதுவும் வேண்டாம். அக்குளில் நெறி கட்டி அது பெரிதாகிக்கொண்டே போனாலோ, உடைந்து வடிந்தாலோ கிளினிக்கில் காட்ட வேண்டும்.

எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த குழந்தைகளுக்கு இதே பிசிஜி வேறு முகம் காட்டியது. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடலில் அந்த வலுவிழந்த கிருமியே பெருகி, ரத்தம், எலும்பு, ஈரல் என்று பரவியது. பல குழந்தைகள் இறந்தன. இதைக் கண்டுபிடித்து எண்ணியவர்கள் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் அல்ல, வெஸ்டர்ன் கேப் மருத்துவமனைகளில் வேலை பார்த்த குழந்தை மருத்துவர்கள். எச்.ஐ.வி. உள்ள நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இப்படிப் பரவுகிறது என்பது அவர்கள் தந்த கணக்கு. எச்.ஐ.வி. தொற்று உறுதியான குழந்தைக்கு பிசிஜி போடக்கூடாது என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனம் விதியையே மாற்றியது. ஆனால் பிறந்த அன்றே யாருக்குத் தொற்று என்று எப்படித் தெரியும்? காசநோய் இவ்வளவு பரவிக் கிடக்கும் நாட்டில் எல்லோருக்கும் ஊசியைத் தள்ளிப்போடவும் முடியாது. கடைசியில் வழி திறந்தது ஊசியில் அல்ல. கர்ப்பிணித் தாய்க்கு எச்.ஐ.வி. மருந்து கிடைத்ததும், தொற்றோடு பிறந்த குழந்தைக்குச் சில வாரத்திலேயே சிகிச்சை தொடங்கியதும், 2015 முதல் பிறந்த உடனேயே பரிசோதனை வந்ததும்தான் இதைக் குறைத்தன.

எச்.ஐ.வி. நம் வீட்டுப் பேச்சு இல்லை என்று இதைக் கடந்துபோக வேண்டாம். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத அபூர்வ நோய்கள் உண்டு. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் அவை வர வாய்ப்பு கூடுதல். முந்தைய பிள்ளையோ, நெருங்கிய உறவில் ஒரு பிள்ளையோ முதல் வயதில் திரும்பத் திரும்பக் காய்ச்சல், நிமோனியா என்று வந்து இறந்திருந்தால், பிசிஜிக்கு முன்பே அதைச் சொல்ல வேண்டும். "பழைய துக்கத்தை ஏன் கிளறுவது" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். தடுத்தாலும் சொல்லுங்கள். அதேபோல, கர்ப்ப காலத்தில் தாய் மூட்டுவாதத்துக்கோ குடல் நோய்க்கோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசி எடுத்திருந்தால், அந்த மருந்து குழந்தையின் உடலிலும் சில மாதம் இருக்கும். பிசிஜியை எப்போது போடலாம் என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உயிருள்ள கிருமி மருந்துகளில் மற்றவற்றுக்கும் இப்படிக் குறிப்பான ஆபத்துகள் உண்டு. போலியோ சொட்டின் முதல் தவணையில் சுமார் 27 லட்சத்தில் ஒருவருக்கு அந்தச் சொட்டாலேயே வாதம் வரலாம். 1998-இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்து, குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் கோளாறைப் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு உண்டாக்கியது தெரிந்ததும் அடுத்த ஆண்டே சந்தையை விட்டுப் போனது. இப்போதுள்ளது வேறு மருந்து. இருந்தாலும் 24 வாரத்துக்குப் பிறகு ரோட்டா கிடையாது என்று சிஸ்டர் கறாராகச் சொல்வது அந்த அனுபவத்தால்தான். தட்டம்மை ஊசிக் காய்ச்சல் அன்றிரவு வராது, ஆறு முதல் பன்னிரண்டு நாள் கழித்து வரும், சில நேரம் லேசான தடிப்போடு. எம்.எம்.ஆர். போட்ட மூவாயிரம் நாலாயிரம் பேரில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் பின்விளைவு இல்லாமல் போய்விடும். எந்த ஊசிக்கும் வரக்கூடிய கடும் ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவு. போட்ட சில நிமிடங்களில் வருவதால்தான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

உள்ளிருக்கும் பொருளைவிட நான் கவலைப்படுவது குளிர்ப்பெட்டியைப் பற்றி. லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்த காலத்தில் மின்சாரம் போய் ஊசி சூடாகிவிடுமே என்று எல்லோரும் பதறினார்கள். ஆறுநோய் ஊசிக்குச் சூட்டைவிடப் பெரிய எதிரி உறைதல். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய குப்பி, ஐஸ் பொட்டலத்தோடு ஒட்டிக் கிடந்து உறைந்துவிட்டால் அலுமினிய உப்பு திரிந்துவிடும். திரும்ப உருகினாலும் பழைய நிலைக்கு வராது. ஊசி குத்தும், கை வலிக்கும், ஆனால் பாதுகாப்பு குறைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. சந்தேகமான குப்பியையும், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய இன்னொரு குப்பியையும் ஒன்றாகக் குலுக்கி மேசையில் வைப்பார்கள். உறைந்ததில் துகள்கள் திரண்டு விறுவிறுவென்று அடியில் இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். நல்லது வெகுநேரம் கலங்கலாகவே இருக்கும். தனியார் மருந்தகத்தில் வாங்கிக் கார் டாஷ்போர்டில் வைத்து எடுத்துப்போகும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடலாம்.

ஊசியில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்தது ஏதும் இருக்கிறதா என்ற கேள்வி நம்மவர்களிடையே பழையது. டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் அச்சான 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் காந்தி 1913-இல் உடல்நலம் பற்றி எழுதிய தொடரில் அம்மை குத்துவதைக் கடுமையாக எதிர்த்தார். அன்றைய பெரியம்மைத் தடுப்பு மருந்து மாட்டின் உடலிலிருந்து எடுத்தது என்பதும் அவருடைய மறுப்புகளில் ஒன்று. அம்மை வந்தால் மாரியம்மன் வந்தாள் என்று வாசலில் வேப்பிலையும், அது கிடைக்காத இடத்தில் சிரிங்கா இலையும் கட்டிய ஜனம், காந்தியின் வாதத்தைக் கேட்கத் தயாராகவே இருந்திருக்கும். இன்று மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிப்பிங்கோவிலும் ஈஸ்டர் திருவிழாவுக்கும் ஆடிக் கூழுக்கும் கூடுகிற அதே குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஊசியும் போடுகின்றன. இரண்டுக்கும் சண்டை வந்ததாக நான் பார்த்ததில்லை.

சைவக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய நேர்மையான பதில் இது. ஆறுநோய் ஊசியில் ஜெலட்டின் இல்லை. தனியாரில் கிடைக்கும் எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகளில் சில நிறுவனத் தயாரிப்பில் பன்றி ஜெலட்டின் உண்டு, சிலவற்றில் இல்லை. மருந்தகத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் போலியோ, தட்டம்மை வைரஸை வளர்க்கும் உயிரணுக் கரைசலில் கன்றின் சீரம் பயன்படுகிறது. கழுவி நீக்கினாலும் விலங்கின் தொடர்பே இல்லாத ஊசி என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. 2010-இல் ரோட்டா மருந்தில் பன்றியின் ஒரு வைரஸின் மரபுத்துணுக்கு இருப்பது தெரிந்து, அமெரிக்காவில் இரண்டு மாதம் நிறுத்திவைத்து ஆராய்ந்தார்கள். மனிதருக்குத் தீங்கில்லை என்று கண்டு மறுபடி தொடங்கினார்கள். முட்டை ஒவ்வாமை தட்டம்மை ஊசிக்குத் தடையல்ல. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மட்டும் கவனம் தேவை. அதை முட்டைக்குள்ளேயே வளர்க்கிறார்கள். அந்த ஊசியைக் கண்டுபிடித்ததற்காக 1951-இல் நோபல் பரிசு வாங்கிய மேக்ஸ் தைலர் பிரிட்டோரியாவில் பிறந்தவர்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் நம்ப மறுத்தால் அவரை முட்டாள் என்று சொல்ல இந்த நாட்டில் யாருக்கும் உரிமை இல்லை. வெள்ளையர் ஆட்சி 'புராஜெக்ட் கோஸ்ட்' என்ற ரகசியத் திட்டத்தில், கறுப்பினத்தவரின் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் தடுப்பூசிக்கு ஆராய்ச்சி செய்தது என்ற சாட்சியம் 1998-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்தது. பிறகு, எச்.ஐ.வி. மருந்து விஷம் என்றும் பூண்டும் பீட்ரூட்டும் போதும் என்றும் அரசின் மேல்மட்டத்திலிருந்தே பேச்சு வந்த ஆண்டுகளையும் இந்த மக்கள் பார்த்தார்கள். மேலே இருப்பவர் சொல்வதை அப்படியே விழுங்காத பழக்கம் இங்கே நன்றாகச் சம்பாதித்த பழக்கம். அதைக் கேள்வி கேட்கப் பயன்படுத்துங்கள், ஊசியைத் தள்ளிப்போட அல்ல. ஆறு நோயையும் பிரித்துத் தனித்தனியாகப் போடலாமே என்பவர்களுக்கு: அப்படி ஆறு தனி ஊசிகள் இங்கே கிடைப்பதில்லை. இடைவெளி விடும் மாதங்களில்தான் கக்குவான் கைக்குழந்தையைக் கொல்கிறது. தொண்டை அடைப்பான் 2015-இல் குவாசுலு-நடாலிலேயே திரும்பி வந்தது. 2022 அக்டோபரில் லிம்போப்போவில் தொடங்கிய தட்டம்மை பெரும்பாலான மாகாணங்களுக்குப் பரவியது.

ஏதாவது வழக்கத்துக்கு மாறாக நடந்தால், போட்ட கிளினிக்கிலேயே சொல்லிப் பக்கவிளைவுப் படிவம் நிரப்பச் சொல்லலாம். மருந்தோ ஊசியோ எதுவாயினும் 'மெட் சேஃப்டி' செயலி வழியாக மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாஹ்ப்ராவுக்கு நீங்களே அனுப்பவும் முடியும். எந்த ஊசி, எந்தத் தொடை, எத்தனை மணி நேரம் கழித்து என்ன ஆனது என்பதோடு பேட்ச் எண்ணையும் கேட்பார்கள். ஒரே பேட்சில் பல ஊர்களில் ஒரே கோளாறு வருகிறதா என்று பார்க்க அது ஒன்றுதான் வழி. கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் கையேட்டில் அந்த எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூட்ட நாளில் அந்தக் கட்டம் காலியாக விடுபடுவது உண்டு. சிஸ்டரிடம் கேட்டால் எழுதித் தருவார்.